கடுதாசி இல்லாத தபால்காரன்

கண்டி மஹய்யாவையில் குடியிருந்த தபால்கார இராமையா எழுபத்திரண்டாவது வயதில் கண்ணை மூடினார். அதற்கு ஒரு கிழமைக்கு முன்வரை, விடிந்தும் விடியாத நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை போய்த் திரும்புவார். வயதிருந்த காலத்தில் ஓட்டம். பிறகு பாதி ஓட்டம், பாதி நடை. கடைசியில் நடை மட்டும். கையில் ஒரு பையும் இராது. வழியில் கண்டவர்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "ஒருத்தருக்கு நன்றி சொல்லிட்டு வர்றேன்" என்பார். பாலத்தில் அப்படி யார் நிற்கிறார் என்று தேடிப் போனவர்கள் ஒருவரையும் காணாமல் திரும்பி வந்து, கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். கலங்கவில்லை. அவருக்குக் கலங்கியது ஒரே ஒரு காலத்தில்தான், அது பதினேழு வயதில் தொடங்கியது. அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அது கோப்பிக் காலம். கண்டியைச் சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பி. அக்கரையில் இராமநாதபுரத்துப் பக்கம் மூன்று வருடம் மழை பொய்த்ததில், தாயும் மகனுமாக இராமையாவும் வேலாயியும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியின் ஆட்களோடு படகேறினார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. நடந்தவர்களில் நாலில் ஒரு பங்கு வழியிலேயே விழுந்தது. வாந்திபேதி. ஒன்பதாம் நாள் வேலாயி ஒரு மரத்தடியில் சாய்ந்து, தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டாள். குளம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. இராமையா சட்டியை எடுத்துக்கொண்டு போனான். குளக்கரையில், கால் கடுக்கிறதே என்று ஒரு கல்லில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். ஒன்பது நாள் நடந்த பையன், வேறென்ன செய்வான். விழித்துத் தண்ணீரோடு ஓடி வந்தபோது, அவளை இலைதழையால் மூடி வைத்திருந்தார்கள்.

தண்ணீர்ச் சட்டி அவன் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கச் சொல்லிக் கூட யாருக்கும் தோன்றவில்லை.

மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்தது பன்விலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டம். கங்காணி பழனியாண்டி வாய்தான் முரடு, மனது இல்லை. அவர் பெண்சாதி மூக்காயிக்குப் பிள்ளை கிடையாது. வேலாயியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அந்த உறவே போதுமென்று, "இனிமே நான் ஒனக்கு அத்தை" என்று சொல்லி இராமையாவைத் தன் லயத்துக் காம்பிராவில், அந்த வரிசைக் குடிசையின் ஓர் அறையில், வைத்துக்கொண்டாள். அவனை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டாள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அன்பிலேயே அவள் ஒரு தப்புச் செய்தாள்.

வழியில் செத்தவர் வழியிலேயே நிற்பார் என்பது அந்த ஆட்களின் நம்பிக்கை. செத்த இடத்தில் படையல் போடும்வரை, பெற்ற பிள்ளை எந்த ரோட்டில் கால் வைத்தாலும் ஆவி பின்னாலேயே வந்து தன்னோடு கூட்டிப்போய்விடுமாம். வேலாயி செத்த இடம் எத்தனையோ மைலுக்கு அப்பால், காட்டுக்குள். அங்கே யார் போய்ப் படையல் போடுவது? ஆகவே மூக்காயி இரண்டு ஏற்பாடு செய்தாள். ஓர் இரும்பாணியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் இடுப்பில் கட்டினாள். இரும்பிருந்தால் ஆவி கிட்ட வராது. அடுத்தது, ரோட்டுப் பக்கமே தலைகாட்டாதே என்று உள்ளே உட்கார வைத்தாள்.

உட்கார்ந்தான். சும்மா உட்காரவில்லை, உட்காருவதே தொழிலாக உட்கார்ந்தான். காலையில் தப்பு அடித்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும்போது சுவரில் சாய்ந்திருப்பான். மாலையில் எல்லாரும் கோப்பிக் கூடையோடு திரும்பும்போதும் அதே சுவர். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். கண்ணில் பொட்டுத் தூக்கம் கிடையாது. பேச்சும் கிடையாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதாக ஒருநாள் சொன்னான். மூக்காயி பயந்து இன்னொரு ஆணியைக் கட்டினாள். அவனுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு எண்ணம்தான்: நான் உட்கார்ந்தேன், அம்மா போய்விட்டாள். அந்த எண்ணத்தோடு ஒருவனை நாள் முழுக்க உட்கார வைத்தால் என்ன ஆகும்? அன்புள்ளவர்களுக்கு அது தெரியவில்லை. இப்போதும் எத்தனையோ வீட்டில் தெரிவதில்லை.

நாலு மாதம் பொறுத்த பழனியாண்டி ஒருநாள் மூக்காயியிடம் சொன்னார். "பழம் எடுத்து முடியட்டும் புள்ள. ஊருக்குப் போற ஆளுகளோட இவனையும் அனுப்பி வச்சுருவோம். இங்க கெடந்து செத்தா அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

"ஊருல யாரு இருக்கா?" என்றாள் மூக்காயி.

"யாரும் இல்லதான்."

"அதே காட்டு வழிதானே?"

இராமையா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வழியில் மறுபடி கால் வைத்தால் தான் திரும்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தடுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அவனைக் காப்பாற்றியது துரைமாரின் கடுதாசி ஆசை. சீமையிலிருந்து வரும் கடுதாசியும் பேப்பரும் ஒருநாள் பிந்தினால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. அப்போது ரயில் கண்டி வரைக்கும்தான். அங்கிருந்து மலைக்கு மனிதக் கால்தான். அந்தப் பக்கத்து நாலு தோட்டத்துத் துரைமார் சேர்ந்து இரண்டு தபால்காரரை வைத்திருந்தார்கள். ஒருவன் கண்டியிலிருந்து புறப்படுவான், இன்னொருவன் தோட்டத்திலிருந்து. பாதி வழியில், மடவளையில் ஒரு மதகடியில் சந்தித்துப் பையை மாற்றிக்கொண்டு அவரவர் வழியே திரும்புவார்கள். இந்தப் பக்கம் ஏழு மைல், அந்தப் பக்கம் ஏழு மைல். பை தரையில் படக்கூடாது, கைக்குக் கை மாற வேண்டும் என்பது சட்டம். ஒருவன் பிந்தினால் மற்றவன் காத்திருக்க வேண்டும்.

தோட்டத்துத் தபால்காரன் கறுப்பையா ஐப்பசி மழையில் பாசிக் கல்லில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். பழம் கொத்துக் கொத்தாகச் சிவந்து கிடந்த நேரம். ஒரு கையைக்கூட மலையிலிருந்து எடுக்கத் துரைக்கு மனமில்லை. "வேலை செய்யாத ஆள் யாரும் இருக்கா?" என்று கேட்டார். பெரட்டில் நின்ற அத்தனை பேரும் பழனியாண்டியின் லயத்தைப் பார்த்தார்கள்.

"ரோட்டு வேலைக்கா? எம்பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன்" என்று மூக்காயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். துரை சொன்னால் சொன்னதுதான். கடைசியில் அவள் அழுதுகொண்டே மூன்றாவது ஆணியையும் கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி அனுப்பினாள். இடுப்பில் ஆணிகளும் கையில் சலங்கை கட்டிய தடியும் தோளில் தோல்பையுமாக இராமையா புறப்பட்ட கோலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

முதல்நாள் ஓட்டம் ஓட்டமே இல்லை. நாலு மாதம் மடங்கிக் கிடந்த கால். அரை மைலில் விலா பிடித்துக்கொண்டது. ஒரு மைலில் வாந்தி எடுத்தான். இரண்டாவது மைலில், பாறையை வெட்டி ரோட்டுப் போட்டிருந்த இடத்தில், பின்னால் காலடி கேட்டது. அவன் ஓடினால் அதுவும் ஓடியது. நின்றால் நின்றது. அத்தை சொன்னது சரிதான், அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பயத்தில் மீதி ஐந்து மைலையும் எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது.

மதகடியில் ஓர் இளைஞன் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றான். இருபது வயதிருக்கும். கண்டிப் பட்டணத்து ஆள், பெயர் பளீல். இரண்டு மணித்தியாலமாகக் காத்து நிற்கிறான் என்பது அவன் நிழல் குறுகிக் கிடந்ததிலிருந்தே தெரிந்தது. ஆனால் அவன் வாய் திறந்தபோது ஏச்சு வரவில்லை.

"நீதானா புது ஆள்? மொதல்ல தண்ணி குடி. பைய பொறகு மாத்துவம்."

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் இராமையாவின் முகம் மாறியது. பளீல் அதைக் கவனித்தான், என்னவென்று கேட்கவில்லை. மடியிலிருந்து ஒரு பாண் துண்டை எடுத்து, பிய்த்து, பெரிய பாதியை நீட்டினான். கண்டிப் பேக்கரியில் அன்று காலை போட்ட பாண். இராமையா பாண் என்ற ஒன்றைக் கண்டதே இல்லை. வாயில் போட்டான். நாலு மாதத்தில் முதல்முறையாக ஒரு சாப்பாட்டுக்கு ருசி இருப்பது தெரிந்தது.

"நாளைக்கி வருவியா?" என்றான் பளீல்.

இராமையா மாற்றிய பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

போனான். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். மழையில் அட்டைக் கடியோடு போனான், வெயிலில் போனான். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. ஒரு கிழமைக்குப் பிறகு வாந்தி நின்றது. இரண்டு கிழமைக்குப் பிறகு விலா வலி நின்றது. மூன்றாம் கிழமை ஒரு மாலையில் சுவரில் சாய்ந்தவன் சாய்ந்தபடியே தூங்கி, மறுநாள் தப்புச் சத்தத்தில்தான் எழுந்தான். மூக்காயி இரண்டு தடவை மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

கார்த்திகையில் ஒருநாள், ஓட்டம் முடித்து வந்தவன் பையை ஆபீசில் கொடுத்துவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தான்.

"அத்தை, சோறு இருக்கா?"

அவனாகக் கேட்ட முதல் சோறு. மூக்காயி சோற்றைப் பானையோடு தூக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, புகை பட்டதுபோல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கறியைக்கூடக் கேட்காமல் சாப்பிட்டான். மாரியம்மன் கண் திறந்துவிட்டாள் என்று மூக்காயி லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஊருக்கு அனுப்புகிற பேச்சைப் பழனியாண்டி பிறகு எடுக்கவே இல்லை.

மாரியம்மனுக்கு உரியதை நான் பறிக்கவில்லை. ஆனால் பதினான்கு மைலுக்கும் உரியதைக் கொடுக்கத்தான் வேண்டும். மூச்சு வாங்கி ஓடுகிறவனுக்குப் பழசை நினைத்துக் குமைய மூச்சு மிச்சம் இருப்பதில்லை. உடம்பு வியர்த்துக் களைத்தால் தூக்கம் வருகிறது, தூக்கம் வந்தால் பசி வருகிறது, பசி வந்தவனுக்கு ஊர் உலகம் கண்ணில் படத் தொடங்குகிறது. இராமையாவுக்குப் பட்டது. வத்தேகமக் கடைத்தெருவில் ஒரு நாய் தினமும் கொஞ்சத் தூரம் கூட ஓடி வருவதைக் கண்டான். எந்த வளைவில் காற்று குளிரும், எந்த ஏற்றத்தில் மூச்சை அடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டான். பளீலோடு பேசவும் தொடங்கினான். சனிக்கிழமைகளில் துரைக்குக் கண்டியிலிருந்து மாட்டிறைச்சிப் பொட்டலமும் வரும். இராமையா அதைத் தொடமாட்டான். முதல் தடவை பளீலையே தடி நுனியில் கட்டச் சொல்லித் தூக்கிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி நடந்தான். அதைப் பார்த்துப் பளீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு தொற்றி இராமையாவும் சிரித்தான். தன் சிரிப்புச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

"நானா, நீங்க வழி பூரா ஓடியா வர்றீங்க?" என்று ஒருநாள், பளீலின் ஆட்கள் அண்ணனை அழைக்கும் முறையிலேயே கேட்டான்.

"எனக்கென்ன பைத்தியமா? நடதான். கட்டுகஸ்தோட்டப் பாலத்துல மட்டும் ஓடுவன்" என்றான் பளீல்.

"ஏன் அங்க மட்டும்?"

"பாலம் நீளம்" என்று சொல்லிவிட்டுப் பளீல் பேச்சை மாற்றினான்.

பாறை வெட்டில் காலடிச் சத்தம் மட்டும் ஒருநாளும் விடவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவுமில்லை. முதலில் பயந்தான். பிறகு பழகியது. பங்குனியில் கோப்பி பூத்து மலை முழுதும் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், அந்த வாசத்தோடு ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, 'இலங்கையில கோப்பிப்பூ மல்லியப்பூ மாதிரி மணக்குமாமே' என்று அம்மா படகில் சொன்னது நினைவு வந்தது. நின்றான். பின்னால் வந்த காலடியும் நின்றது. மணக்குதும்மா என்று சத்தமாகச் சொன்னான். அவள் செத்த பிறகு முதல்முறையாக, அந்த ரோட்டோரத்தில் நின்று வாய்விட்டு அழுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு ஓடினான். அன்று மதகடிக்கு நேரம் பிந்தவில்லை.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. பையன் நெஞ்சு அகன்று, கால் இறுகி, பேச்சும் கேலியுமாக ஆளே மாறிப்போனான். அந்த நேரத்தில் நல்ல காலம் வந்தது. சில நல்ல காலங்கள் கெட்ட காலத்தை விட மோசம்.

ரோட்டைச் செப்பனிட்டார்கள். தபாலுக்கு மாட்டுவண்டி வந்தது. துரைமாருக்கு இனிக் கால்கள் தேவையில்லை. பளீல் கண்டியில் தன் மாமாவின் துணிக்கடைக்குப் போய்விட்டான். இராமையாவைத் துரை மறக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு கடுதாசி நனையவில்லை, ஒன்று தவறவில்லை. அதற்குப் பரிசாகக் கோப்பி ஸ்டோர்ச் சாவியை அவன் கையில் கொடுத்தார். வாசலில் ஒரு பெட்டியில் உட்கார வேண்டும், வருகிறவருக்குத் திறக்க வேண்டும், போனதும் பூட்ட வேண்டும். வெயிலும் படாது, மழையும் படாது. லயமே பொறாமைப்பட்டது. மூக்காயி சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

பத்து நாளில் தூக்கம் போயிற்று. இருபது நாளில் பசி போயிற்று. பெட்டியில் உட்கார்ந்தவனுக்கு, பழைய குளக்கரைக் கல்லில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் உட்கார்ந்தேன், அம்மா போய்விட்டாள். சாவி கையில் இருக்கும்போதே யாரோ வந்து திறக்கச் சொன்னால் எந்தப் பூட்டு என்று விழித்தான். கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருக்கும். கண்ணேறு என்றார்கள் சிலர். மறுபடி பிடித்துக்கொண்டது என்றார்கள் பலர்.

இரண்டு மாதத்தில் பழனியாண்டி முடிவெடுத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. "திங்கக்கெழமை காலையில ஊருக்கு ஆளு போகுது. இவனும் போகட்டும். போற வழியில இவன் ஆத்தா செத்த எடத்துல ஒரு படையலைப் போடட்டும். அப்பயாவது விடும்" என்றார்.

சனிக்கிழமை மாலை மூக்காயி மூட்டை கட்டினாள். கறுப்புக் கம்பளி ஒன்று, வேட்டி இரண்டு, அரிசி கொஞ்சம். வழியில் பொங்கிச் சாப்பிட ஒரு சட்டி. அது குளக்கரைக்கு அவன் கொண்டுபோன அதே சட்டி. இத்தனை நாளும் அதை அவன் வேறு யாரையும் தொட விட்டதில்லை. இப்போது அவள் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

ஞாயிறு விடியும்போது அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னய்யா செய்யுது ஒனக்கு? அத்தைக்கிட்டச் சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "இப்ப பின்னால யாரும் வர்றதில்ல அத்தை."

"யாரு வர்றதில்ல?"

"அம்மா. பாறை வெட்டுல தெனமும் வரும். நான் ஓடுனா ஓடியாரும். ரெண்டு வருசமா வந்துச்சு. இப்ப நான் போறதில்ல, அதுவும் வர்றதில்ல."

மூக்காயி எதற்காகப் பயந்து ஆணி கட்டினாளோ அது நடந்தே இருக்கிறது, தினமும் நடந்திருக்கிறது. அந்த இரண்டு வருடம்தான் இந்தப் பிள்ளை தின்றதும் தூங்கியதும் சிரித்ததும். அவள் படிக்காதவள், ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்தவள். பிறகு அவன் வேட்டியை விலக்கி, இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஆணிகள் மூன்றும் தரையில் விழுந்தன.

"ரோட்டுல ஒங்காத்தா நிக்கிறான்னு நாந்தான் ஒன்னைய அடைச்சு வச்சேன். நிக்கட்டும். பெத்த பிள்ளையப் பாக்கத்தானே நிக்கிறா. இந்த இரும்பு வேணாம், அவ கிட்ட வரட்டும். எந்திரி, ஓடிட்டு வா."

"கடுதாசி இல்லாம எங்கத்தை ஓடுறது?"

"தெனமும் எங்க போவியோ அங்க போ."

பையும் தடியும் இல்லாமல் அவன் ஓடினான். லயத்து வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒருவன், "கடுதாசி இல்லாத தபால்காரன் போறான்டா" என்றான். அந்தப் பெயர் கடைசிவரை அவருக்கு நிலைத்தது. முதல் மைலில் விலா பிடித்தது. பாறை வெட்டில் காலடி கேட்டது. இரண்டு மாதமாக அடைத்திருந்த நெஞ்சு அங்கே கொஞ்சம் திறந்துகொண்டது. அழுதுகொண்டே ஓடினான். மடவளையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. கால் தானாகப் போனது.

மதகடியில் தொப்பியால் விசிறிக்கொண்டு பளீல் நின்றான்.

இராமையா நம்பவில்லை. மூச்சு வாங்க நின்று பார்த்தான். பளீலின் கையிலும் பை இல்லை. மடியிலிருந்து பாணை எடுத்துப் பிய்த்து, பெரிய பாதியை நீட்டினான்.

"வந்துட்டியா? ஒம்பது ஞாயித்துக்கெழம நான் மட்டும் திண்டன்."

"ஒம்பது வாரமாவா நிக்கிறீங்க?"

"கட லீவு நாளுலதானே வர ஏலும். தோட்டத்துக்குள்ள எங்கள விடமாட்டாங்க. எப்படியும் நீ இங்க வருவாய் எண்டு தெரியும்."

"கடுதாசி இல்லையே நானா."

"கடுதாசிக்கா நான் வந்த?" என்றான் பளீல். பிறகு மதகில் சாய்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "எண்ட தம்பி ஆத்துல போனான், கட்டுகஸ்தோட்டயில. அந்தப் பாலத்துல நடந்து போனா எனக்கி கீழ பாக்கச் சொல்லும். அதாலதான் ஓடுற. தபால் நிண்ட பொறகு ஒரு கெழம கடயிலயே இருந்தன். சரிவரல்ல. இப்ப ஒவ்வொரு நாளும் விடிய சுபஹு தொழுதிட்டு பாலம் வரைக்கும் ஓடிட்டு வந்துதான் கட தொறக்கிற. இல்லாட்டி அந்த நாள் எனக்கி நாளே இல்ல."

இரண்டு வருடம் தினமும் தன்னைச் சிரிக்க வைத்த மனிதனை இராமையா அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான். தனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான். நன்றி என்று ஒரு சொல் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. அதைச் சொல்லத்தான் பின்னாளில் கண்டிக்குக் குடிவந்து, பளீல் மண்ணுக்குள் போன பிறகும், தினமும் அந்தப் பாலத்துக்குப் போனார் போலும். அன்று அவன் செய்தது ஒன்றுதான். தனக்குக் கிடைத்த பாதிப் பாணை மறுபடி இரண்டாகப் பிய்த்து, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டான்.

"யாருக்கு?"

"அத்தைக்கு."

அவன் லயத்துக்குத் திரும்பியபோது வெயில் உச்சியை விட்டு இறங்கியிருந்தது. பழனியாண்டி வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மூட்டை அவர் காலடியில் தயாராக இருந்தது. வியர்வை சொட்ட வந்தவனைப் பார்த்து, "நாளைக்கு நூறு மைலு நடக்கப்போறவன் இன்னைக்கு எதுக்குடா ஓடிட்டு வர்ற?" என்றார்.

"நான் ஊருக்குப் போகல மாமா. தெனமும் பெரட்டுக்கு முந்தி ஓடிட்டு வந்துர்றேன். பொறகு ஸ்டோர்ல எம்புட்டு நேரம் வேணும்னாலும் உக்காருறேன்."

"எதுக்கு ஓடுறது?"

அவன் மடிப்பிலிருந்த பாணை எடுத்து மூக்காயியிடம் கொடுத்தான். அவள் அதை முகர்ந்து பார்த்து, ஒரு கடி கடித்து, உப்பில்லை என்றாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, சோறு இருக்கா?" என்றான் இராமையா.

மூக்காயி புருஷனைக் கேட்கவில்லை. குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். கம்பளியை எடுத்துக் கொடியில் போட்டாள். அரிசியை எடுத்தாள். பிறகு அந்தச் சட்டியை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்தாள்.